கம்பிக்கு இந்தப் பக்கம்

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு கண். பெரிய, வட்டக் கண். ஆள் நெருங்கினால் நான் தேடி வந்த பறவை நிற்காது. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவிடும். இது ஓடவில்லை.

கிட்டப் போய்க் குத்தவைத்துப் பார்த்தேன். முட்டி பருத்த நீளக் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. ரத்தம் இல்லை. நரி பிடித்திருந்தால் இறகு சிதறியிருக்கும். ஒரு இறகுகூடக் கலையவில்லை.

அப்புறம்தான் அந்த வாடை வந்தது. தலைமுடியைத் தீயில் காட்டினால் வருமே, அந்த வாடை.

டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்தினேன். பறவைக்கு மேலே, முழங்கால் உயரத்தில், பனித்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எதிலும் ஒட்டாமல் வெறும் காற்றில் நிற்பதுபோல் இருந்தன. அவை ஒரு மெல்லிய கம்பியில் தொங்குகின்றன என்று விளங்க எனக்கு ஒரு நொடி ஆனது.

எனக்கு இருபதடி முன்னால், இருட்டுக்குள், அப்பா நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கம்பு ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது. டொக். டொக்.

'ராத்திரி கத்துமே, அது'

என் படிப்பைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை கேலியாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது. ஆனாலும் ஒரு பெண் அந்த நேரத்தில் காட்டில் என்ன செய்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போகவும் முடியாது.

நான் அப்போது விலங்கியலில் ஆராய்ச்சி மாணவி. எடுத்துக்கொண்டது கண்கிலேடி என்ற பறவை. கரையோரத்தில் நடந்து மேயும் பறவைகளின் சாதியைச் சேர்ந்தது. ஆனால் தண்ணீர்ப் பக்கமே போகாது. பகலெல்லாம் சரளை மேட்டில், உடைமரத்து நிழலில், கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும். இருட்டினால் எழுந்து காடுகளுக்குள் நடக்கும். எங்கள் பக்கத்தில் காடு என்றால் பயிர் வைக்கிற நிலம்.

ஊரில் அதன் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. 'ராத்திரி கத்துமே, அதா?' என்பார்கள். கத்தல் மட்டும் எல்லாருக்கும் தெரியும். தனியாக ஒன்று மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு ஏறி ஏறி யாரோ அழுவதுபோல் ஆகும். தூரத்தில் இன்னொன்று அதை வாங்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகள் உண்டு.

எனக்கிருந்த கேள்வி சின்னது. ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் முழுக்கப் பயிர் எழும்பி நிற்கும். மார்கழி, தை மாதங்களில் வெறும் நிலமே மிஞ்சாது. வெட்டவெளியில் ஓடிப் பூச்சி பிடிக்கிற பறவை அப்போது ராத்திரியில் எங்கே போகும்?

ஒரே வழியில் வாரம் இரண்டு ராத்திரி நடந்து நடந்து கொஞ்சம் பிடிபட்டது. ஆடுகளை ராத்திரி தங்கவைக்கிற ஆட்டுக்கிடை போட்ட தரிசுக்கு வரும். சாணிவண்டு கிடைக்கும் அல்லவா, அதற்காக. தாழ்ந்த உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் வரும். பருத்திக்குள் நுழையாது. அப்போதுதான் எங்கள் பக்கம் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த மக்காச்சோளம் அதற்கு ஒரு சுவர் மாதிரி. அதற்குள் போகாமல் ஓரத்தோடு, பொழியோடு நடக்கும். பொழி என்பது இரண்டு காடுகளுக்கு நடுவில் விடுகிற வரப்பு. நாங்களும் அதன்மேல்தான் நடந்தோம்.

காட்டுப்பன்றியைத் தடுக்கக் கரண்டுக் கம்பி கட்டுகிறவர்களும் அந்த ஓரத்தில்தான் கட்டுவார்கள்.

அப்பா முன்னால் நடப்பார்

கோவில்பட்டியிலிருந்து கடைசி பஸ்ஸில் கிழக்கே போய் ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் இறங்குவோம். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது தெரியும்.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் ஸ்டோர் பார்த்தவர். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பகலெல்லாம் மெழுகு வாடையில் நின்றுவிட்டு, வெள்ளியும் சனியும் சாயங்காலம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவார். அம்மா என்னை விட்டதே அந்த ஒரு நிபந்தனையில்தான்.

காட்டில் அவர்தான் முன்னால் நடப்பார். "பூச்சி பொட்டு கெடக்கும். நீ பின்னாலயே வா" என்பார். கம்பை ஒவ்வொரு எட்டுக்கும் தட்டுவார், பாம்பு விலகட்டும் என்று. டார்ச் வேண்டாம் என்பார். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரே டார்ச்சும் என்னிடம்தான் இருக்கும். வெள்ளை வெளிச்சத்துக்குப் பறவை மிரளும்.

இருட்டில் வெளிச்சமே இல்லாமல் அவ்வளவு தைரியமாக நடக்கிற ஆள் என் அப்பா என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

காட்டுக்காரர் பெயரைப் பெருமாள்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ். நான் அவரைப் பெரியப்பா என்பேன். தன் நிலத்தில் ராத்திரி நடக்க ஒரு பெண்ணுக்கு அனுமதி கொடுத்த ஒரே சம்சாரி, அதாவது விவசாயி, அவர்தான். மற்றவர்கள் புதையல் எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். நாங்கள் போகும் நாட்களில் வீட்டு வாசலில் நின்று, "வந்துட்டியளா அண்ணாச்சி? ரெண்டு வெள்ளரிக்கா எடுத்துட்டுப் போங்க" என்று அப்பாவிடம் கொடுத்துவிடுவார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதனால் புதன்கிழமையே போனோம். பஸ் தாமதம். ஊரடங்கிவிட்டது. பெரியப்பா வீட்டைத் தட்டி எழுப்ப வேண்டாம் என்று நேரே காட்டுக்குள் இறங்கினோம்.

"எந்தக் கம்பி?"

"அப்பா! நில்லுங்க!"

டொக் சத்தம் நின்றது. "என்னட்டி, பாம்பா?"

"அசையாதீங்க. ஒரு எட்டுகூட வைக்காதீங்க."

டார்ச்சிலிருந்த சிவப்புத்தாளைக் கிழித்தேன். வெள்ளை வெளிச்சம் அவரை எட்டியது. பொழி அந்த இடத்தில் முடிந்து, பெரியப்பாவின் இன்னொரு மக்காச்சோளக் காடு குறுக்கே ஆரம்பித்தது. வலதுபக்கமாக வந்த கம்பி அங்கே திரும்பி, பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அப்பாவின் முழங்கால் சில்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

அந்த நேரத்தில் காற்று லேசாக அடித்தது. பனியில் நனைந்த மக்காச்சோளத் தோகை ஒன்று சாய்ந்து கம்பியைத் தொட்டது. 'டிக்' என்று ஒரு நீலப்பொறி.



"அப்பா, உங்க முன்னால கம்பி இருக்கு. கரண்டு ஓடுது. பாத்துப் பின்னால வாங்க."

"எந்தக் கம்பி?"

"நேர. உங்க காலுக்கு நேர."

அவர் தலையைத் திருப்பினார். ஆனால் கம்பி இருந்த பக்கம் இல்லை. இடதுபக்கம், உளுந்துக்காட்டைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். சத்தம் வந்த திசையைத் தேடும் ஆடு மாதிரி முகத்தை அங்குமிங்கும் திருப்பினார்.

"எங்கன சொல்லுத?"

"அப்பா, லைட் அடிச்சிருக்கேனே!"

கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியல ஏட்டி."

அவருக்கு ராத்திரியில் கண் தெரியாது. இவ்வளவு நாள் எனக்கு முன்னால் நடந்தவருக்குக் கண் தெரியாது. வண்டித்தடத்தின் பள்ளத்தைக் காலால் தடவி, பொழியின் விளிம்பைக் கம்பால் தட்டித்தான் நடந்திருக்கிறார். பாம்பு என்பது எனக்குச் சொன்ன காரணம்.

ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று ஒரு கால் எடுத்தேன். நான் தட்டிவிட்டு அவர் முன்னால் சாய்ந்தால்? நின்றுவிட்டேன்.

"கம்பை நெஞ்சோட சேத்துப் புடிங்க. கீழ ஊனாதீங்க. இப்ப வலது காலை மட்டும் பின்னால எடுங்க."

எடுத்தார்.

"இன்னொரு கால். மெதுவா."

மூன்றாவது எட்டில் ஈரக் கரிசல் வழுக்கியது. மல்லாக்கச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கால்கள் இரண்டும் முன்னால் நீண்டன. செருப்பு நுனி கம்பிக்குக் கீழே போய் நின்றது. தொடவில்லை. நான் அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்ததும், இரண்டு பேரும் உளுந்துக்குள் உருண்டதும்தான் நினைவிருக்கிறது. அவர் இதயம் என் கையில் அடித்தது.

மண்கட்டி எறிந்த இரவு

மூச்சு வந்த பிறகு, வந்த வழியில் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கம்பி எங்கள் வலதுபக்கமாக ஒரு முழம் தள்ளிக் கால்மணி நேரமாக எங்களோடேயே வந்திருக்கிறது. அப்பா இடக்கைக்காரர். கம்பு இடதுகையில் இருந்தது. வலதுகையில் வைத்துத் தட்டுகிறவராக இருந்திருந்தால் இந்தத் தொடரே இருந்திருக்காது.

உளுந்துக்குள் இறங்கி வேறு பக்கமாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்தப் பொழியில் என்ன கட்டியிருக்கிறது என்று தெரியாது. வந்த வழியே திரும்பலாம் என்றால், வழுக்குகிற பொழிக்கு ஒரு முழத்தில் கம்பி; டார்ச் வெளிச்சமும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஊர் ஒரு மைலுக்கு மேல். கூப்பிடவும் பயந்தோம். சத்தம் கேட்டு யாராவது இருட்டில் ஓடி வந்தால்?

விடியும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தோம். முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்தோம்.

"எம்புட்டு நாளாப்பா?"

"ரெண்டு வருசம் இருக்கும். பொழுது சாஞ்சா ஒரு மூட்டம் போட்டாப்ல ஆயிரும்."

சாயங்காலம் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்ததும், விளக்கு வைக்கும் முன்பே டியூப்லைட் போடச் சொன்னதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன.

"அப்புறம் ஏன்பா எங்கூட வந்தீங்க?"

"நான் வரலைன்னா ஒன்ன விடுவாளா ஒங்கம்மா?"

எனக்குக் கண்ணீர் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. அவருக்குத் தெரியப்போவதில்லை.

நள்ளிரவு தாண்டியிருக்கும். சரளை மேட்டுப் பக்கம் ஒரு கண்கிலேடி கத்தியது. வேறு நாளாக இருந்தால் நேரம் குறித்திருப்பேன். அன்றைக்கு டார்ச்சைக் கம்பிப் பக்கம் திருப்பினேன். அது வரும். வந்தால் ஓரத்தோடுதான் வரும்.

வந்தது. உளுந்துச் செடிகளின் நடுவே சின்னச் சின்ன ஓட்டம், நிற்கும், மறுபடி ஓட்டம். மங்கின டார்ச்சில் அதன் கண் ஒரு பொட்டாக மின்னியது. கம்பிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அதன் முன்னால் விழுந்தது. திரும்பி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் எறிந்தேன்.

"எந்தப் பக்கம் சொல்லு" என்றார் அப்பா.

"வலது கைப் பக்கம். பத்தடி."

காதைக் கொடுத்துக் கேட்டு அவரும் எறிந்தார். இரண்டு மாதமாக அந்தப் பறவையை மிரட்டிவிடக் கூடாது என்று மூச்சை அடக்கி நடந்தவள், அந்த ராத்திரி முழுக்க அதை மண்கட்டி எறிந்து விரட்டினேன். அது கத்தும்போதெல்லாம் அப்பா என் முதுகோடு இன்னும் நெருங்கினார். 

விடிந்த பிறகு

கிழக்கு வெளுக்கும்போது, கம்பிக்குக் கரண்டு கொடுத்த பம்புசெட் மோட்டார் ரூம் பக்கம் ஒரு இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பொழிமேல் ஆள் வந்தது.

"யாருலே அங்க?"

"நாங்கதான் பெரியப்பா."

பெருமாள்சாமி நின்ற இடத்திலேயே நின்றார். எங்களைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். அப்படியே பொழிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கரண்ட அமத்திட்டேன். அமத்திட்டுத்தான் வாரேன் தாயி" என்றார். அதையே நாலைந்து தடவை சொன்னார். "இன்னைக்கு நீங்க வரமாட்டியன்னுல்லா நெனச்சேன். வெள்ளி, சனி போடமாட்டேன். நீங்க வார நாளுல்லா."

"அப்ப மத்த நாள் பூரா போடுதீங்களா?"

"போன வருசம் பன்னி ஒரே ராத்திரியில அம்புட்டையும் படுக்க வச்சிட்டுப் போயிட்டு. கதிரு பால் புடிக்கிற நேரம். எம் பொண்டாட்டி காட்டுல வந்து விழுந்து அழுதா."

"ஆட்டுக்கிடைக்காரர் ராத்திரி இந்த வழியா வருவாரே பெரியப்பா? அவருக்கு யார் சொல்லுவா?"

கிடைக்காரர் வரும் வழியைத் திரும்பிப் பார்த்தார்.  அந்த நினைப்பு அவருக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செத்துக் கிடந்த பறவையை எடுத்து வந்து காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதையா தேடுத? இதுவா கத்துதது?" என்றார். பிறந்ததிலிருந்து அதன் குரலைக் கேட்டவர், அன்றைக்குத்தான் பறவையைப் பார்த்தார்.

எங்கள் கண் முன்னாலேயே கம்பியைச் சுற்றி எடுத்தார். இரண்டு தடவை சுருள் அவிழ்ந்துவிட்டது. "இனிமே போட்டீங்கன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துருவேன் பெரியப்பா" என்றேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். "வெளிய சொல்லிராதிய அண்ணாச்சி" என்று அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

அந்தப் பருவம் முடியும்வரை போனோம். நான் முன்னால், அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். பிறகு மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார். அப்பா, "பகல் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆய்வேட்டில் அந்த ஒரு ராத்திரிக்கு எதிரே கட்டங்கள் காலியாக இருந்தன. ஏன் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். 'மழை' என்று எழுதினேன். அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை.

துட்டி

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்தால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் பேப்பரைப் பிரித்ததும் உள்பக்கத்துச் சின்னச் செய்திகளில் 'மின்வேலி' என்ற வார்த்தையைத் தேடுவேன். இருந்தால், ஊர்ப் பெயரைப் பார்க்கும்வரை மூச்சு விடமாட்டேன். வேறு ஊராக இருக்கும். அப்பாடா என்பேன். அங்கேயும் யாரோ ஒருவர் செத்திருப்பார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

வருஷங்கள் கழித்து, பெருமாள்சாமி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தகவல் வந்தது. அழுதேன். கூடவே, இனிமேல் அந்த ஊரைத் தேட வேண்டியதில்லை என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போனேன். பகலிலும் அவருக்குப் பாதிதான் தெரிந்த காலம் அது. மூத்த மகன் எங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் மோட்டார் ரூம் சாவிய எங்க யாரு கையிலயும் குடுக்கல சித்தப்பா. ராத்திரி தண்ணி பாய்ச்சணும்னாலும் அவியளே வந்து தொறந்து, மோட்டார அமத்துற வரைக்கும் கூடவே ஒக்காந்திருந்து, பூட்டிட்டுப் போவாவ. படுக்கையில கெடந்தப்பவும் இடுப்புக் கயித்துல அந்தச் சாவிதான். எதுக்குன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டாவ. பாடையத் தூக்குறதுக்கு முன்னாலதான் அறுத்து எடுத்தோம்."

அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பன்னி இப்பமும் வருதா?" என்றார்.

"வாராம? போன வருசம் பாதிக்காடு போச்சு. இந்த வருசம் ஏதாவது பண்ணணும்."

"இப்ப சாவி எங்க இருக்கு தம்பி?"

மகன் சட்டைப்பையைத் தொட்டார். "என்ட்டதான்."

"கொஞ்சம் ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்."

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தன் கண்ணை, கம்பியை, மண்கட்டி எறிந்ததை, பெரியப்பா பொழிமேல் உட்கார்ந்ததை. ஒரு உயிருக்குக்கூட நாங்கள் சொல்லாததை அந்த வீட்டு முற்றத்தில், துட்டிக்கு வந்தவர்கள் நடுவில் சொன்னார்.

மகன் தலை குனிந்து கேட்டார். முடிந்ததும் சாவியை எடுத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி சித்தப்பா" என்றார். 

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் அப்பா கேட்டார். மகனின் முகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். சாவியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன்.

இந்த மார்கழியும் பேப்பரில் அந்த ஊரைத் தேடினேன். இதுவரை இல்லை.